நாற்காலிக்கு ஒரு தேர்வு

ஒரு நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்து, "உன்மேல் உட்காருகிறவர் என்ன படித்திருக்க வேண்டும்?" என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? அமெரிக்கக் குடியேற்றத் துறை ஒவ்வொரு வேலை நாளும் இந்தக் கேள்வியை ஆயிரம் தடவைக்கு மேல் கேட்கிறது. பதிலும் வாங்கிவிடுகிறது. எச்-1பி விசா என்றதும் நமக்கு லாட்டரி நினைவுக்கு வரும். ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே காத்திருக்கும் கூட்டம் நினைவுக்கு வரும். அங்கே நிற்பவரின் ஃபைலில் ஓர் அப்ரூவல் தாள் இருக்கிறது. அது கிடைப்பதற்கு முன்னால் நடந்த கடினமான தேர்வு என்ன என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. அந்தத் தேர்வை எழுதியது அவர் உட்காரப் போகும் நாற்காலி.

2023 நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 3,86,000 எச்-1பி மனுக்கள் ஏற்கப்பட்டன. புதியவை, நீட்டிப்பு, கம்பெனி மாற்றம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. வேலை நாளுக்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு. அவற்றில் பத்தில் ஏழுக்கும் மேல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கானவை. ஆகவே, இந்த நாற்காலித் தேர்வு எப்படி நடக்கிறது என்பது வாஷிங்டனின் விவகாரம் என்று நாம் தள்ளிவிடக்கூடியது அல்ல. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் ஒரு வீட்டுக்கு ஒருவராவது அதன் முடிவுக்காகக் காத்திருந்த அனுபவம் உள்ள தெருக்கள் இருக்கின்றன.

சட்டம் கேட்பது இதுதான். வேலை ஒரு 'சிறப்புப் புலமைப் பணி'யாக இருக்க வேண்டும். 'ஸ்பெஷாலிட்டி ஆக்குபேஷன்' என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதை இந்தக் கட்டுரையில் இப்படி அழைக்கிறேன். ஆழமான சிறப்பறிவு ஒன்றைக் கோட்பாட்டளவிலும் நடைமுறையிலும் பயன்படுத்தும் வேலை அது. அதோடு, அந்தத் தொழிலுக்குள் நுழையவே 'அந்தக் குறிப்பிட்ட துறையில்' ஒரு இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடானதோ குறைந்தபட்சத் தேவையாக இருக்க வேண்டும். சூட்சுமம் முழுக்க 'அந்தக் குறிப்பிட்ட துறையில்' என்ற சொற்களில் இருக்கிறது. ஏதோ ஒரு டிகிரி வேண்டும் என்றால் போதாது. வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் சாவிக்கும் பூட்டுக்கும் உள்ள பொருத்தம் வேண்டும்.

இந்த விசாவின் பெயரே ஒரு சின்னப் புதையல். 1952-ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டம், தற்காலிகமாக வந்து போகிறவர்களை ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்கியது. 'ஏ' தூதர்களுக்கு, 'பி' சுற்றுலா, வணிகப் பயணிகளுக்கு, 'எஃப்' மாணவர்களுக்கு. எட்டாவது எழுத்தான 'எச்' வேலைக்கு வருபவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் முதல் உட்பிரிவு எச்-1. 1989-ல் செவிலியர் பற்றாக்குறையைச் சமாளிக்க ஒரு தனிச் சட்டம் வந்தபோது அவர்களுக்கு எச்-1ஏ என்று ஓர் அறை ஒதுக்கப்பட்டது. மற்ற எல்லோரும் எச்-1பி ஆனார்கள். 1995-ல் செவிலியர் அறை மூடப்பட்டது. 'ஏ' போய்விட்டது, 'பி' நின்றுவிட்டது. உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் மந்திரம்போல் உச்சரிக்கும் அந்தப் பெயர், சட்டப் புத்தகத்தில் ஒரு பத்தியின் கதவு எண்.

1952-ல் இந்தக் கதவு 'தனிச்சிறப்பான தகுதியும் ஆற்றலும்' கொண்டவர்களுக்காகத் திறந்தது. அதாவது ஆளைப் பார்த்தார்கள். 1990-ஆம் ஆண்டின் சட்டம் பார்வையைத் திருப்பியது. ஆளின் மேன்மையை விட்டுவிட்டு வேலையின் தன்மையைப் பார்க்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பையும் அதுவே வைத்தது. (அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கான கூடுதல் 20,000 இடம் 2004-ல் சேர்ந்தது.) பழைய பார்வையின் மிச்சம் ஒன்று இன்றும் உள்ளே இருக்கிறது: தனிச்சிறப்புள்ள ஃபேஷன் மாடல்கள். மென்பொருள் வல்லுநரும் ஃபேஷன் மாடலும் ஒரே விசா வகைக்குள் வருகிறார்கள். மாடலிடம் மட்டும் டிகிரி கேட்பதில்லை.

சரி, ஒரு வேலைக்குப் படிப்பு தேவை என்பதை எப்படி அளப்பது? ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்து இரண்டு மேசைகள். இரண்டிலும் கணக்குதான் பார்க்கிறார்கள். ஒருவர் வரவு செலவைப் பதிந்து, ரசீதுகளைச் சரிபார்த்து, மாதக் கடைசியில் இருப்பை நேர்செய்கிறார். மற்றவர் அந்தக் கணக்குகள் விதிமுறைப்படி நிற்கின்றனவா என்று ஆராய்கிறார், வரியின் விளைவைக் கணிக்கிறார். முதல் மேசை கணக்கு எழுதுபவருடையது, இரண்டாவது கணக்காளருடையது. முதல் மேசை பொதுவாகத் தேறாது; இரண்டாவது பொதுவாகத் தேறும். முதலாமவர் பல ஆண்டு அனுபவத்தில் இரண்டாமவரைவிடக் கெட்டிக்காரராக இருக்கலாம். அது கணக்கில் வராது. அந்த மேசைக்கு வந்து சேரும் வழி கல்லூரியின் குறிப்பிட்ட துறை வழியாகத்தான் போகிறதா என்பதே கேள்வி.

செவிலியர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராக மூன்று பாதைகள் உண்டு: நான்காண்டுப் பட்டம், இரண்டாண்டு 'அசோசியேட்' பட்டம், மருத்துவமனை டிப்ளமோ. மூன்றும் ஒரே உரிமத் தேர்வில் வந்து முடிகின்றன. இரண்டாண்டுப் பாதையும் திறந்திருப்பதால் சாதாரண வார்டு செவிலியர் வேலை இந்தத் தேர்வில் பெரும்பாலும் தோற்கிறது. நள்ளிரவில் ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தும் வேலைக்குப் புலமை இல்லை என்று யார் சொல்வது? சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அதன் அளவுகோல் வேலையின் கடினத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாசலின் அகலத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் இந்த அளவுகோலைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

வாசலின் அகலத்தை அதிகாரி எங்கே பார்க்கிறார்? முதலில் ஒரு கையேட்டில். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் புள்ளிவிவரப் பிரிவு வெளியிடும் 'தொழில் எதிர்நோக்குக் கையேடு' அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களுக்கு, "என்ன வேலைக்குப் போகலாம், அதற்கு என்ன படிக்கலாம்" என்று வழிகாட்டும் முயற்சியில் பிறந்தது. இன்று இணையத்தில் நூற்றுக்கணக்கான தொழில்களைப் பற்றி எளிய நடையில் சொல்கிறது: அந்த வேலையில் என்ன செய்வார்கள், எவ்வளவு சம்பளம், எப்படி அந்த வேலைக்குள் போவது. பள்ளி முடித்த பிள்ளைகளுக்கான புத்தகம். சட்டக் காரியம் எதற்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கையேடே தன் பக்கத்தில் எச்சரிக்கிறது. அப்படியிருந்தும் எச்-1பி உலகில் அதன் ஒவ்வொரு வினையடைக்கும் ஒரு வேதவாக்கியத்தின் எடை. "வழக்கமாக", "பெரும்பாலும்", "சில முதலாளிகள்" போன்ற சொற்கள் பல குடும்பங்களின் ஊர் எது என்பதைத் தீர்மானித்திருக்கின்றன.

அந்தச் சொற்போரில் ஒன்றை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அது நம்மவர்கள் பலரை நேரடியாகத் தொட்டது. கணினித் தொழிலில் அமெரிக்க அரசு பல நாற்காலிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. 'சாஃப்ட்வேர் டெவலப்பர்' ஒன்று, 'கம்ப்யூட்டர் புரோகிராமர்' இன்னொன்று. சென்னையில் டீக்கடையில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். அரசுப் பட்டியலில் இரண்டுக்கும் வேறு வேறு எண். கையேட்டில் இரண்டுக்கும் வேறு வேறு வாசகம். புரோகிராமர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள் என்று சொல்லிவிட்டு, சில முதலாளிகள் இரண்டாண்டுப் படிப்பு முடித்தவர்களையும் எடுப்பார்கள் என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தது கையேடு. அந்த வால் வாக்கியத்தில்தான் நெருப்பு பிடித்தது.

2000-ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதப்பட்ட ஓர் உள்சுற்றறிக்கை, புரோகிராமர் வேலை பொதுவாகத் தேறும் என்று அதிகாரிகளுக்கு வழிகாட்டியிருந்தது. 2017 மார்ச் 31 அன்று, அந்த ஆண்டின் மனுக்களைப் பெறத் தொடங்கும் தருவாயில், ஒரு புதிய சுற்றறிக்கை அதை விலக்கிக்கொண்டது. 'பெரும்பாலோர்' என்றால் 'எல்லோரும்' இல்லை. 'வழக்கமாகத் தேவைப்படும்' என்றால் 'இயல்பாகக் கட்டாயம்' இல்லை என்று வாதம் போனது. கலிஃபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இன்னோவா சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் இந்தச் சொல் வேறுபாட்டை எடுத்துப் போனது. 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் வெளிச்சம் புகக்கூட இடைவெளி இல்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் விலக்கப்பட்டது. இரண்டு வினையடைகளுக்கு அகராதிப் பொருள் தேட மூன்றரை ஆண்டுகளுக்கு மேல்.

அந்தக் காலத்தின் காய்ச்சலை ஒரு எண்ணில் பார்க்கலாம். மனு போதவில்லை என்று அதிகாரிக்குத் தோன்றினால், கூடுதல் சான்று கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார். ஆர்.எஃப்.இ. என்று நம் வீடுகளில் பீதியோடு சொல்லப்படும் கடிதம். 2015-ல் முடிவான எச்-1பி மனுக்களில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் அது போனது. 2019-ல் ஐந்தில் இரண்டுக்குப் போனது. 2018-ல் எதற்காக இவ்வளவு கடிதங்கள் போயின என்று குடியேற்றத் துறையே காரணங்களைப் பட்டியலிட்டது. முதலிடத்தில் நின்றது நம் நாற்காலிதான்: இந்த வேலை சிறப்புப் புலமைப் பணி என்று நிறுவப்படவில்லை.

நிறுவுவதற்கு விதி நான்கு வழிகள் தருகிறது. எங்கும் இந்தத் தொழிலுக்கு அந்தப் பட்டம் இயல்பாகக் கேட்கப்படுகிறது என்று காட்டலாம். கையேடு பேசும் இடம் இது. அல்லது இதே துறையில் இதே அளவுள்ள கம்பெனிகள் கேட்கின்றன என்று விளம்பரங்களை வெட்டி ஒட்டிக் காட்டலாம். அல்லது இந்த முதலாளி இதற்கு முன்பும் அப்படித்தான் ஆள் எடுத்தார் என்று பழைய ஊழியர்களின் சான்றிதழ்களையும் சம்பளப் பதிவுகளையும் வைக்கலாம். கடைசி வழிதான் மிக அழகானது: மற்றவர்கள் எப்படியோ போகட்டும், இந்த மேசையில் நடக்கும் காரியம் அந்தப் படிப்பு இல்லாமல் நடக்கவே நடக்காத அளவுக்குச் சிக்கலானது என்று காட்டுவது.

அதைக் காட்டும் கலையைப் பார்த்தால் வியப்பு வரும். ஒரு பாலம் வடிவமைக்கும் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அனுபவமற்ற ஒருவர் எழுதினால் வேலை விவரம் இப்படி இருக்கும்: "திட்டப்பணிகளைக் கவனித்தல், கூட்டங்களில் கலந்துகொள்ளுதல், அறிக்கை தயாரித்தல்." இதைப் படிக்கும் அதிகாரிக்குக் கல்யாண மண்டப மேனேஜரின் வேலையும் இதுதானே என்று தோன்றும். தேர்ந்த அட்டர்னி அதே வேலையைக் கடிகாரத்தைப் பிரிப்பதுபோல் பிரிப்பார். பாரத்தையும் தகைவையும் கணக்கிடுதல், 35 சதவீதம்; காற்றிலும் நடையிலும் பாலம் எப்படி அதிரும் என்று ஆராய்தல், 20 சதவீதம்; மண்பரிசோதனையைப் படித்து அடித்தளம் தீர்மானித்தல், 15; வரைபடங்களைச் சரிபார்த்தல், 20; கட்டுமான இடத்தில் ஆய்வு, 10. கூட்டினால் நூறு வர வேண்டும். நாற்பது மணி நேர வாரத்தில் பதினான்கு மணி நேரம் தகைவுக்கு, எட்டு மணி நேரம் அதிர்வுக்கு. இப்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பாடம் வந்து நிற்கிறது: கட்டமைப்புப் பகுப்பாய்வு, இயக்கவியல், மண் இயந்திரவியல். ஒரு பக்கம் வாரத்தின் மணிகள், மறுபக்கம் கல்லூரியின் செமஸ்டர்கள், நடுவில் கோடுகள். கண்ணுக்குத் தெரியாத 'வேலை' என்ற பொருளுக்கு எடுத்த எக்ஸ்ரே படம் இது.

எத்தனை நுணுக்கமாக எழுதினாலும் 'எந்தத் துறை' என்பதில் சறுக்கினால் போச்சு. போர்ட்டோ ரிக்கோவில் தாய்லாந்து உணவகம் நடத்திய ராயல் சியாம் என்ற நிறுவனத்தின் மேலாளர் பணி அப்படித்தான் சறுக்கியது. அவர் வணிக நிர்வாகம் படித்தவர். முதல்முறை விசா கிடைத்திருந்தது, நீட்டிப்பு மறுக்கப்பட்டது. 2007-ல் முதலாவது வட்டார நீதிமன்றம் சொன்னது இதுதான்: பொதுவான ஒரு வணிக நிர்வாகப் பட்டத்தைக் கேட்பது முதலாளியின் நியாயமான விருப்பமாக இருக்கலாம், ஆனால் எல்லாக் கதவிலும் நுழையும் சாவி எந்தக் கதவுக்கும் உரிய சாவி ஆகாது. முன்பு ஒருமுறை கவனக்குறைவால் தந்துவிட்டதால் மறுமுறையும் தந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இதே தர்க்கத்தை அதிகாரிகள் பொறியியல் மீதும் வீசிப் பார்த்தார்கள். பொறியியல் என்பது கடல். அதில் எந்தப் பிரிவு என்று சொல்லாமல் 'பொறியியல் பட்டம்' கேட்டால் குறிப்பிட்ட துறை ஆகாது என்று ஒரு தர ஆய்வுப் பொறியாளர் வேலையை மறுத்தார்கள். 2020-ல் வட கரோலினாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிறப்புப் புலமைக்கு எடுத்துக்காட்டாகப் பொறியியலையே பெயர் சொல்லி விதி குறிப்பிட்டிருக்கிறது. கட்டடக்கலை, கணிதம், மருத்துவம், சட்டம், இறையியல், கலைகள் எல்லாம் இருக்கும் அந்த வரிசையில் பொறியியலும் இருக்கிறது. விதியே உதாரணம் காட்டிய துறையை விதிக்கு ஒவ்வாதது என்று எப்படிச் சொல்வது?

வேலை ஒருவரிடம், சம்பளம் இன்னொருவரிடம் என்றால்? நம் ஐ.டி. உலகில் இதுதான் சகஜம். ஊழியருக்குச் சம்பளம் தருவது கன்சல்டன்சி; நடுவில் ஒரு வெண்டர்; நிஜமாகவே உட்கார்ந்து வேலை செய்வது கிளையன்ட்டின் அலுவலகத்தில். அப்படியானால் தேர்வு எந்த நாற்காலிக்கு? 2000-ல் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. அந்த வழக்கு மென்பொருள் பற்றியதே அல்ல, மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களை அனுப்பிவைக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றியது. அனுப்புகிறவர் என்ன டிகிரி கேட்கிறார் என்பது முக்கியமில்லை, நோயாளி படுத்திருக்கும் மருத்துவமனை என்ன கேட்கிறது என்பதே முக்கியம் என்றது தீர்ப்பு. இல்லாவிட்டால் எந்த ஏஜென்சியும் எந்த வேலைக்கும் டிகிரி கேட்டுச் சாதாரணப் பணியைப் புலமைப் பணி ஆக்கிவிட முடியுமே! அந்த ஒரு வாதத்தின் நிழல்தான் இன்று ஹைதராபாத்திலிருந்து டல்லஸ் வரை எல்லோரும் துரத்தும் 'கிளையன்ட் லெட்டர்'. கிளையன்ட்டோ தன் முத்திரைத் தாளில் இன்னொருவரின் ஊழியரைப் பற்றி எழுதித் தரத் தயங்குகிறது. அந்த ஒரு பக்கக் காகிதத்துக்காக எத்தனை போன், எத்தனை இரவு என்று கேட்டால் நம் பிள்ளைகள் சொல்வார்கள்.

சம்பளமும் சாட்சி சொல்லும். மனுவுக்கு முன்பே எல்.சி.ஏ. எனப்படும் ஓர் உறுதிமொழியைத் தொழிலாளர் துறையில் முதலாளி பதிவு செய்ய வேண்டும்: அந்த ஊரில் அந்த வேலைக்கு நடப்பில் உள்ள கூலிக்குக் குறைக்கமாட்டேன் என்று. அதைப் பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் உடன் பணிபுரிபவர்கள் பார்க்கும்படி இரண்டு இடங்களில் ஒட்டவும் வேண்டும். கூலிக்கு நான்கு படிகள். அவற்றைக் கண்டுபிடிக்கும் கணக்கு நாடாளுமன்றமே 2004-ல் சட்டத்தில் எழுதிவைத்தது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். கீழ்ப்படி 70,000 டாலர், மேல்படி 1,30,000 டாலர் என்று கொள்ளுங்கள். வித்தியாசம் 60,000, மூன்றால் வகுத்தால் 20,000. அதைக் கீழ்ப்படியோடு கூட்டினால் இரண்டாம் படி 90,000. மேல்படியிலிருந்து கழித்தால் மூன்றாம் படி 1,10,000. முடிந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் படி என்பது நெருக்கமான மேற்பார்வையில் அடிப்படை வேலை செய்யும் புதியவருக்கானது. ஒரு கையில் "இது மிகமிகச் சிக்கலான பணி" என்று எழுதிவிட்டு, மறுகையில் முதல் படிச் சம்பளத்தைக் குறித்தால் அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அதற்காக முதல் படி என்றாலே தோல்வி என்றும் இல்லை. நேற்றுப் படித்து முடித்த மருத்துவரும் வழக்கறிஞரும் முதல் படியில் தொடங்கலாம். அவர்கள் தொழிலுக்குள் நுழையப் பட்டம் வேண்டும் என்பது மாறாது. நான்காம் படிச் சம்பளம் கொடுத்துவிட்டால் பட்டம் தேவையில்லாத வேலைக்குப் பட்டம் தேவை என்றும் ஆகிவிடாது.

இத்தனை காகிதத்துக்கும் எதிரே எவ்வளவு உறுதி வேண்டும்? குற்ற வழக்கில்போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. தராசு இம்மியளவு சாய்ந்தால் போதும். நூற்றுக்கு ஐம்பத்தொன்று உண்மையாக இருக்கலாம் என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும் என்று 2010-ல் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் முன்னுதாரணமாக வகுத்தது. அவ்வளவு தணிந்த படிக்கட்டு. ஆனாலும் மனுக்கள் நூற்றுக்கணக்கான பக்கம் கனக்கின்றன, பேராசிரியர்களின் கருத்துக் கடிதங்கள் இணைக்கப்படுகின்றன. எந்தக் காகிதம் அந்த ஒரு இம்மியைத் தரும் என்று முன்கூட்டித் தெரியாதே. ஆர்.எஃப்.இ. வந்துவிட்டால் அதிகபட்சம் 84 நாள், பன்னிரண்டு வாரம். ஒரு நெற்பயிர் நாற்று விட்டுக் கதிர் பிடிக்கும் காலம்.

2024 டிசம்பரில் வெளியாகி 2025 ஜனவரி 17 முதல் நடப்புக்கு வந்த புதிய விதி, இத்தனை வழக்குகளின் சாரத்தைக் கொஞ்சம் வடிகட்டித் தந்தது. 'இயல்பாக' என்றால் 'எப்போதும்' என்று பொருளல்ல என்பது இப்போது விதியிலேயே இருக்கிறது. பட்டம் வேலையோடு 'நேரடித் தொடர்பு' கொண்டிருக்க வேண்டும். தொடர்பு என்றால் பகுத்தறிவுக்கு ஒத்த இணைப்பு. ஒரு வேலைக்குப் பல துறைப் பட்டங்கள் பொருந்தலாம், ஒவ்வொன்றும் தனித்தனியே பொருந்த வேண்டும். வேறு நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் இடத்தில் அந்த நிறுவனத்தின் தேவையே பார்க்கப்படும். இரண்டு சொல் வேறுபாட்டுக்காக நீதிமன்றப் படியேறியவர்களின் உழைப்பு அந்த வரிகளில் இருக்கிறது.

நாற்காலி தேறிய பிறகுதான் ஆள் உள்ளே வருகிறார். அங்கே நம் ஊருக்கென்றே ஒரு கணக்கு காத்திருக்கிறது. இந்தியாவின் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடாகாது என்று 1977-லேயே ஒரு முடிவு எழுதப்பட்டது. பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கு இந்த ஓராண்டு இடைவெளி ஒரு பள்ளம். அதைத் தாண்ட விதி ஒரு பாலமும் போட்டிருக்கிறது: மூன்றாண்டு வேலை அனுபவம் ஓராண்டுக் கல்லூரிக்குச் சமம். மூன்றாண்டு பி.எஸ்சி.யோடு மூன்றாண்டு அனுபவம் சேர்ந்தால் நான்கு. கல்லூரி வாசலையே மிதிக்காதவருக்குப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் சேர்ந்தால் நான்கு. நாற்காலி விஷயத்தில் கல்லூரி வழியை விட்டு இம்மி நகராத அதே சட்டம், உட்காருகிறவர் விஷயத்தில் கைப்பழக்கத்தையும் படிப்பாக ஏற்கிறது. ஆனால் சும்மா வேலை பார்த்தேன் என்றால் போதாது. அந்தத் துறைப் பட்டதாரிகளோடு சேர்ந்து, பொறுப்பு கூடிக்கொண்டே போன வேலையாக அது இருந்திருக்க வேண்டும். அவருடைய நிபுணத்துவத்தைத் துறை அறிந்தவர்கள் ஒப்புக்கொண்டிருக்கவும் வேண்டும்.

பெயரே இல்லாத நாற்காலிகளும் வருகின்றன. 2018-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொழில் வகைப்பாடு 867 தொழில்களுக்கு எண் கொடுத்தது. 'டேட்டா சயின்டிஸ்ட்' தனி எண் பெற்றதே அந்தப் பட்டியலில்தான்; அதற்கு முன் ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்டிருந்த அந்த வேலை, அரசின் கண்ணுக்குப் புள்ளியியலாகவோ வேறு ஏதோவாகவோ தெரிந்தது. அடுத்த திருத்தம் 2028-க்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதுவரை புதிதாய் முளைக்கும் வேலைகள் 'கணினித் தொழில்கள், மற்றவை' போன்ற பொதுப்பெட்டிகளில் போய் விழும். அந்தப் பெட்டிகளுக்குக் கையேட்டில் விரிவான விவரம் கிடையாது. பிள்ளைகளுக்கான அந்தப் புத்தகம் வாய் திறக்காத இடத்தில் சதவீதங்களும் பாடங்களும் கோடுகளும்தான் பேச வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனு மறுக்கப்பட்டால் காரணங்கள் பக்கம் பக்கமாக வரும்: எந்தச் சதவீதம் தெளிவில்லை, எந்தக் கடிதம் நம்பும்படி இல்லை, எந்தப் பாடம் எந்தப் பணியோடு ஒட்டவில்லை. ஏற்கப்பட்டால் ஐ-797 என்ற தாள் வரும். அதில் கம்பெனியின் பெயர், உங்கள் பெயர், ரசீது எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி இருக்கும். 35 சதவீதத் தகைவு இருக்காது, அதிர்வு இருக்காது, பேராசிரியரின் கடிதம் இருக்காது. தராசை எந்தக் காகிதம் சாய்த்தது என்று அட்டர்னிக்கும் தெரியாது. ஆகவே இந்தக் கலையைக் கற்கிறவர்கள் எல்லோரும் தோற்ற மனுக்களைப் படித்துத்தான் கற்கிறார்கள். ஜெயித்த நாற்காலிகள் ஏன் ஜெயித்தன என்று எங்கும் எழுதப்படவில்லை.